ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோமுங்க

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியும் காபியும் முடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொல்வார்கள்: "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோமுங்க." என் அக்காவுக்கு வரன் பார்த்த இரண்டு வருடத்தில் கோபிசெட்டிபாளையம் வீட்டு வாசலில் இதை ஏழெட்டு முறையாவது கேட்டிருப்பேன். முதல் முறை அம்மா நிஜமாகவே தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறைக்குள் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. பிடித்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஜாதகத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்ப்பார்கள், ஆவணியா தையா என்று பேச்சு வரும். பிடிக்காவிட்டால்தான் கடுதாசி. யாரும் யாரையும் நோகடிக்காமல் வாசலைத் தாண்டுவதற்கு ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த வாக்கியம் அது.

இருபத்தைந்து வருடம் கழித்து, நார்த் கரோலினாவில் கேரி என்கிற ஊரில், என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு கல்லூரி சாக்கர் (நம்மூர்க் கால்பந்து) கோச் என் மகளுக்கு அனுப்பியிருந்த மின்னஞ்சலைப் படித்தேன். உன் வீடியோவை ரசித்துப் பார்த்தோம், உன் ஆட்டத்தைத் தொடர்ந்து கவனித்து வருவோம், ஜூலையில் எங்கள் கேம்புக்கு நீ வந்தால் மிகவும் மகிழ்வோம் என்று இருந்தது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். அடுத்த ஞாயிறு அம்மாவிடம் வீடியோ காலில் தமிழில் மொழிபெயர்த்தும் சொன்னேன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அட, இது நம்மூரு கடுதாசிதான்டா கண்ணு" என்றாள். நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன். அவள் சொன்னது உறைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த ஒரு காரியம் இன்னும் மனதுக்குள் ஆறவில்லை. அதை எழுதத்தான் இது.

கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவன்

நான் 1998-ல் பொறியியல் கவுன்சிலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகம் போனவன். கணக்கு, இயற்பியல், வேதியியல், நுழைவுத்தேர்வு எல்லாம் சேர்த்து 300-க்கு ஒரு எண். அந்த எண்ணுக்கு ஒரு ரேங்க். அப்பாவும் நானும் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, பல் விளக்கிக்கொண்டு நேராகப் போய் உட்கார்ந்தோம். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்பதைக் கண்ணெதிரே காட்டினார்கள். நான் குறி வைத்திருந்த எலக்ட்ரானிக்ஸ் இடத்தை எனக்குச் சற்று முன்னால் போன ஒருவர் எடுத்தார். நான் மெக்கானிக்கல் எடுத்தேன். அழுகை வந்தது, ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. அரை மார்க். அவ்வளவுதான்.

இங்கே அப்படி ஒரு எண் கிடையாது. கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. என்கிற அமைப்பு கல்லூரிகளை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. மேல் அடுக்கான டிவிஷன் ஒன்னில் மட்டும் சுமார் 350 பெண்கள் சாக்கர் அணிகள் இருக்கின்றன. அதற்குக் கீழே டிவிஷன் டூ, அப்புறம் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கொண்ட டிவிஷன் த்ரீ. இவை போக என்.ஏ.ஐ.ஏ. என்கிற இன்னொரு அமைப்பின் கல்லூரிகள், இரண்டு வருட ஜூனியர் காலேஜ்கள். ஒவ்வொரு கோச்சிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. அவருக்கு இந்த வருடம் லெஃப்ட் பேக் (தடுப்பு வரிசையில் இடது ஓரத்தில் ஆடுகிறவள்) வேண்டுமா, அல்லது போன வருடமே ஒருத்தியை எடுத்துவிட்டாரா என்பது உன் பெண் எவ்வளவு நன்றாக ஆடுகிறாள் என்பதற்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். என் மகள் இடது கால்காரி. இடது காலால் ஆடும் லெஃப்ட் பேக் கிடைப்பது அபூர்வம் என்று பதினோரு வயதில் யாரோ ஒரு கோச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டினேன்.

ரேங்க் லிஸ்ட் இல்லாவிட்டால் நானே ஒன்று தயாரித்துவிட மாட்டேனா? ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். 46 கல்லூரிகள். கோச் பெயர், உதவி கோச் பெயர், அணியில் எந்த வருடம் எத்தனை டிஃபெண்டர்கள் பட்டம் வாங்கிப் போகிறார்கள், கடைசியாக எப்போது எழுதினோம், பதில் வந்ததா. பதிலின் தொனிக்கு நிறம் வைத்தேன். கேம்ப் அழைப்புக்கு மஞ்சள், பெயர் சொல்லி எழுதினால் வெளிர் பச்சை, ஆட்டத்தைப் பற்றி ஏதாவது குறிப்பாகச் சொன்னால் அடர் பச்சை. ஒன்றரை வருடத்தில் ஷீட் முழுக்க மஞ்சள் பூத்தது. அடர் பச்சை நான்கு கட்டங்கள். சிவப்பு ஒன்றுகூட இல்லை. 46 கல்லூரிகளில் ஒன்றுகூட "வேண்டாம்" என்று சொல்லவில்லை என்பதை அப்போது நான் நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 15, நள்ளிரவு

பத்தாம் வகுப்பு முடிகிற வருடம் ஜூன் 15 வரைக்கும் டிவிஷன் ஒன் சாக்கர் கோச்சுகள் பிள்ளையிடம் சேர்க்கை பற்றிப் பேசவோ எழுதவோ கூடாது. 2019-ல் வந்த விதி. அதற்கு முன் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற குழந்தைகளே இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன் என்று வாய்மொழியாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், தொட்டிலிலேயே மாமன் மகனுக்குப் பேசி வைக்கிற மாதிரி. இப்போது அந்தத் தேதிக்கு முன் கேம்ப் நோட்டீஸ் மட்டும் அனுப்பலாம். அதனால் ஜூன் 14 ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் நாடு முழுக்கப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் போன்கள் ஒலிக்கும். அல்லது ஒலிக்காது.

2024-ல் நாங்கள் மூன்று பேரும் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு உட்காருகிற மாதிரி ஹாலில் உட்கார்ந்திருந்தோம். போனை மேஜை நடுவில் வைத்திருந்தாள். 12:07-க்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மூவரும் பாய்ந்தோம். அன்பான வாழ்த்து, உற்சாகமான இரண்டு பத்தி, கேம்ப் இணைப்பு. மேலே பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு பெண்ணின் பெயர். மகள் அதைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, தவறுதலாக மாறியிருக்கும், நம்முடையது அந்தப் பெண்ணுக்குப் போயிருக்கும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு மனைவி, "போதும், போய்ப் படுங்க" என்று விளக்கை அணைத்தாள். காலையில் எழுந்தபோது அணியில் இரண்டு பெண்களுக்கு இரவே கோச்சுகள் போன் செய்திருந்தது வாட்ஸப்பில் தெரிந்தது. அடுத்த சில மாதங்களில் ஒவ்வொருத்தியாக இன்ஸ்டாகிராமில் கல்லூரிச் சின்னம் போட்ட தொப்பியோடு படம் போட்டார்கள். என் மகள் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டாள், உண்மையான சந்தோஷத்தோடு. ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தக் கல்லூரி பெயரை நான் ஷீட்டில் தேடினேன்.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். "ஃபுல் ஸ்காலர்ஷிப் வருமா?" வராது. அநேகமாக யாருக்கும் வராது. பெண்கள் சாக்கரில் ஒரு டிவிஷன் ஒன் கல்லூரி கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 14 முழு ஸ்காலர்ஷிப்புக்கான தொகை என்றுதான் வெகுகாலம் விதி இருந்தது. அதை இருபத்தைந்து முப்பது பேருக்கு கோச் தன் இஷ்டப்படி கூறு போடுவார். ஒருத்திக்கு அரை, இன்னொருத்திக்குப் புத்தகச் செலவு. என்.சி.ஏ.ஏ. மீதான வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பெரிய சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த 14 என்கிற உச்சவரம்பு போய்விட்டது. பதிலுக்கு அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருப்பதே 28 இடம் என்றால், ஏற்கெனவே மூன்று வருடம் கல்லூரியில் ஆடி, வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் போட்டிருக்கிற இருபத்தோரு வயதுக்காரியை எடுப்பாரா, வளர வேண்டிய பதினேழு வயதுக்காரியை எடுப்பாரா? டிவிஷன் த்ரீயிலும் ஹார்வர்டு மாதிரியான ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது, சில இடங்களில் மதிப்பெண்ணுக்குத் தருவது, அவ்வளவுதான். அந்த ஒரு வருடம் கிளப் கட்டணம், விமானம், ஹோட்டல், கேம்ப் என்று நாங்கள் செலவழித்தது 11,000 டாலருக்கு மேல். அதையும் ஷீட்டில் தனிப் பத்தியில் போட்டிருந்தேன். பிறகு அந்தப் பத்தியை மறைத்து வைத்தேன்.

மடக்கு நாற்காலிக்குப் பின்னால்

2024 டிசம்பரில் பெண்கள் கல்லூரி இறுதி ஆட்டம் எங்கள் ஊரிலேயே, வேக்மெட் சாக்கர் பார்க்கில் நடந்தது. நார்த் கரோலினா பல்கலைக்கழகம் வேக் ஃபாரஸ்டை 1-0 என்று வென்று 22-வது என்.சி.ஏ.ஏ. பட்டத்தை எடுத்தது. முந்தைய 21 பட்டங்களையும் வாங்கிக் கொடுத்த கோச் ஆன்சன் டோரன்ஸ் அந்த ஆகஸ்டில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அமெரிக்காவின் புகழ்பெற்ற வீராங்கனை மியா ஹாம் ஆடிய அணி. இந்தப் பக்கத்துப் பெண் குழந்தைகளுக்குச் சேப்பாக்கம் மாதிரி. குளிரில் கையுறையை உரசிக்கொண்டு என் மகள் பந்தைப் பார்க்கவில்லை, லெஃப்ட் பேக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி ஆட்டத்தில் என் பக்கம் திரும்பி, "அவங்க திரும்பற ஸ்பீடைப் பாருங்கப்பா" என்றாள். இங்கே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி கரைந்துவிட்டது, எங்கள் ஊர் 'ங்க' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான், "நீயும் அப்படித்தான் கண்ணு திரும்பறே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஆட்டத்துக்குத் திரும்பினாள்.

பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் ஒரு ஷோகேஸ். போகாதவர்களுக்குச் சொல்வதென்றால், பத்துப் பதினைந்து மைதானங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். கல்லூரிக் கோச்சுகள் சின்னம் போட்ட சட்டையோடு தோளில் மடக்கு நாற்காலியை மாட்டிக்கொண்டு மைதானம் மைதானமாக நடப்பார்கள். வந்து உட்காருவார்கள், இருபது நிமிடம் பார்ப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். பெற்றோர்கள் எதிர்ப் பக்கத்தில் நின்று எத்தனை நாற்காலி என்று எண்ணிக்கொண்டிருப்போம். நான் போன் கேமராவை ஜூம் செய்து சட்டைச் சின்னங்களை அடையாளம் கண்டுபிடிப்பதில் தேர்ந்திருந்தேன். ஆட்டம் எப்படிப் போனது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. ஒன்பது நாற்காலி என்று மட்டும் சொல்லியிருப்பேன்.

ஷீட்டில் அடர் பச்சையில் இருந்த நான்கில் ஒரு கல்லூரியின் கோச் அன்றைக்கு வந்திருந்தார். முதல் பாதி முழுக்க எழுந்திருக்கவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால், கழிப்பறைக்குப் போகிறவன் மாதிரி மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நடந்தேன். நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். மடியில் கிளிப்போர்டு, அதில் இரண்டு அணிகளின் பட்டியல். எதிரணியின் 7-ஆம் எண்ணைச் சுற்றி மூன்று வட்டம், அழுத்தி அழுத்திப் போட்டது. எங்கள் பட்டியலில் என் மகளின் 3-ஆம் எண்ணுக்கு எதிரே சின்ன எழுத்தில் "பேஸ்" (வேகம்) என்று எழுதி ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியின் மேலேயே பிறகு ஒரு கோடு இழுத்திருந்தார். ஒருவேளை கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டிருக்கலாம்.

திரும்பி என் இடத்துக்கு வந்து நின்றபோதுதான் அன்றைக்கு முதல் முறையாக ஆட்டத்தைப் பார்த்தேன். அந்த 7-ஆம் எண் பெண் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடுகிறாள். என் மகள் சரியான இடத்தில்தான் நிற்கிறாள், சரியான கோணத்தில்தான் திரும்புகிறாள். முதல் ஐந்தடியில் ஒரு கை நீளம் பின்தங்குகிறாள். அந்த ஒரு கை நீளம் கடைசி வரை குறைவதே இல்லை. மறுபடி அதே. மறுபடியும் அதே. இதை நான் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். பதின்மூன்று வயதிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியபோது அந்த நாற்காலி இருந்த இடம் காலி.

ராத்திரி ஹோட்டலில் அவள் காலை ஐஸ் வாளிக்குள் வைத்துக்கொண்டு, "அந்தக் கோச் ரொம்ப நேரம் இருந்தாங்களாப்பா?" என்று கேட்டாள். "முதல் பாதி பூரா இருந்தார்" என்றேன். பொய் இல்லை. அதற்கு மேல் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியதும் வேகத்துக்கென்று தனியாகப் பயிற்சி தருகிற ஒருவரைப் பிடித்தேன். ஏன் என்று அவள் கேட்டபோது, தெரிந்தவர், இரண்டு மாதம் இலவசமாகச் சொல்லித்தருகிறேன் என்றார் என்று சொன்னேன். மணிக்கு 90 டாலர். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் மூன்று கேம்புகளுக்குக் கூட்டிப் போனேன். மூன்றும் மஞ்சள் கட்டங்கள்.

வெள்ளைப் பலகை

2025 ஜூலையில் பென்சில்வேனியாவில் ஒரு டிவிஷன் த்ரீ கல்லூரி. சின்ன ஊர், பெரிய மரங்கள், அவளுக்குப் பிடித்த உயிரியல் துறை நன்றாக இருக்கும் இடம். இந்தக் கல்லூரியைக் கண்டுபிடித்தது அவள். என் 46-ல் அது இல்லை. மின்னஞ்சலும் அவளே எழுதியிருந்தாள், எனக்குக் காட்டாமல். கோச் ஐம்பது வயதுப் பெண்மணி, வெயிலில் கறுத்த கழுத்து, மேஜை மேல் பாதி தின்ற ஆப்பிள். எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு அதன் பிறகு முக்கால் மணி நேரம் அவளிடம் மட்டுமே பேசினார்.

அவர் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. காந்த வில்லைகளில் பெயர்கள், மைதானத்தில் நிற்கிற மாதிரியே அடுக்கி, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு நிறம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கோச்சின் பட்டியலை நேருக்கு நேர் பார்க்கிறேன். அவர் எழுந்து பெயர் எழுதாத ஒரு வில்லையை எடுத்து, லெஃப்ட் பேக் இடத்தில் இரண்டு பெயருக்குக் கீழே மூன்றாவதாக ஒட்டினார். "நீ வந்தால் இங்கே" என்றார். இரண்டு முழு ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்திருக்கிறார். நான் வெட்டி ஒட்டி அம்புக்குறி போட்டு வைத்திருந்த நான்கு நிமிட வீடியோவை இல்லை. உன் இடது காலும் நீ ஆட்டத்தைப் படிக்கிற விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் ஐந்து கெஜத்தில் உனக்கு வேகம் போதாது. எடைப் பயிற்சியில் கொஞ்சம் சரியாகும், முழுக்கச் சரியாகாது. முதல் இரண்டு வருடம் உனக்கு ஆட்டத்தில் அதிக நேரம் கிடைக்காது. மூன்றாவது வருடம் கிடைக்கலாம், நான் வாக்குத் தர மாட்டேன். உன் மதிப்பெண் பட்டியலை அனுப்பினால் சேர்க்கை அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டி, விண்ணப்பித்தால் வாய்ப்பு எப்படி என்று ஒரு மாதத்தில் சொல்லிவிடுவேன். உனக்கு இது வேண்டாமென்றால் அதையும் நேராகச் சொல், எனக்கு வருத்தமில்லை, அந்த வில்லையில் வேறு பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆறு வருடம், இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்தது இதைக் கேட்கவா என்று இருந்தது. மகளைப் பார்த்தேன், அழுதுவிடுவாளோ என்று. அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். எடைப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை நாள்? ஆய்வக வகுப்பும் பயிற்சியும் மோதினால் எதை விடுவீர்கள்? மூன்றாவதாக இருக்கிறவள் வெளியூர் ஆட்டங்களுக்குப் பயணம் வருவாளா? ஒன்றரை வருடமாக எந்தக் கோச்சிடமும் அவள் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அதுவரை எல்லாரிடமும் புன்னகைத்துக்கொண்டு "தேங்க்யூ" மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

திரும்பும்போது இன்டர்ஸ்டேட் 81-ல் வர்ஜீனியாவுக்குள் நுழைந்த பிறகு பெட்ரோல் போட நிறுத்தினோம். காரிலேயே உட்கார்ந்து அலுமினியத் தாளைப் பிரித்துப் புளிசாதம் சாப்பிட்டோம். அவள் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே கேட்டாள்.

"அப்பா, அவங்க சொன்னது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது?"

"ஸ்பீட்."

புரியாத மாதிரி இருந்திருக்கலாம். எப்படியோ வாயில் வந்துவிட்டது. நாற்காலி, கிளிப்போர்டு, கேள்விக்குறி, மேலே இழுத்த கோடு, எல்லாம் சொன்னேன்.

"எப்போ?"

"பிப்ரவரி."

மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "அதுக்கப்புறம் மூணு கேம்ப் போனோம்."

"ஆமா."

"அந்த ஃப்ரீ கிளாஸ்?"

"ஃப்ரீ இல்லை கண்ணு."

அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். பிறகு, "டிசம்பர்ல அந்த மேட்ச்ல நானே உங்ககிட்ட சொன்னேன்ல. நீயும் அப்படித்தான்னு சொன்னீங்க. உங்களுக்குத் தெரியலை போலன்னு நினைச்சேன். அதனால நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வீடு வரைக்கும் நான்கு மணி நேரம். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை மாதமாக யோசிக்கிறேன். குழந்தை மனசு உடைந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, எனக்கும் நம்பிக்கை இல்லை. பயிற்சியாளர், கேம்ப் நடத்துகிறவர், வீடியோ வெட்டிக் கொடுக்கிறவர், கிளப் நிர்வாகி, இந்த வரிசையில் யாருக்குமே "போதும்" என்று சொல்வதால் லாபம் இல்லை. பெண் நம்பிக்கையோடு இருக்கிற வரைக்கும்தான் அடுத்த காசோலை. அவர்களைக் குறை சொல்லிப் பொங்கல் விழாவில் நான் நீளமாகப் பேசியும் இருக்கிறேன். ஆனால் எனக்கு அவளிடமிருந்து என்ன காசோலை வரவேண்டியிருந்தது? சனிக்கிழமைகள்தான் என்று நினைக்கிறேன். ஆறு வருடச் சனிக்கிழமை விடிகாலைகள், அவளும் நானும் மட்டும் காரில், பின்னால் ஈர பூட்ஸ் நாற்றம். அவள் ஆட்டம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். என் அப்பா என் மார்க் ஷீட்டை டீக்கடை பெஞ்சில் வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால், "டாக்டருக்கெல்லாம் இது பத்தாது" என்று சொன்னவர். அதற்காக வெகுகாலம் அவர் மேல் கோபமாக இருந்தேன். அவரைப் போல இருந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்திருக்கிறேன், அது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

நாலு வரி

ஆகஸ்டில் அந்தக் கோச் சொன்னபடியே எழுதினார். சேர்க்கை அலுவலகம் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டது, நவம்பரில் இந்த ஒரு கல்லூரிக்குத்தான் வருவேன் என்று கட்டுப்பட்டு விண்ணப்பித்தால் என் ஆதரவு உண்டு, நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது தனியார் கல்லூரி, தங்குமிடம் சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். எங்கள் வருமானத்துக்கு அதில் குறையப் போவது கொஞ்சம்தான். இங்கே மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க்காரர்களுக்கான கட்டணத்தில் உயிரியல் படிக்கலாம். அங்கே மாணவர்களே நடத்துகிற கிளப் அணியில் முதல் வருடத்திலிருந்தே ஆடலாம். நான் அந்தக் கணக்கைப் புதிய ஷீட்டில் போட்டு அவளிடம் கொடுத்தேன். இந்த முறை எந்தப் பத்தியையும் மறைக்கவில்லை. முடிவெடுக்க அவளுக்கு ஆறு வாரம் பிடித்தது. இடையில் ஒரு நாள் ராத்திரி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததும் கேட்டது. கதவைத் தட்டலாமா என்று நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து அந்தக் கோச்சுக்கு எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திருப்பினாள். நாலு வரி. நான் உங்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. முதல் வருடமே ஆட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது, செலவும் ஒரு காரணம். நீங்கள் என்னிடம் பேசிய மாதிரி வேறு யாரும் பேசவில்லை, நன்றி. வில்லையில் வேறு பெயர் எழுதிக்கொள்ளலாம்.

"கொஞ்சம் முன்னாடி ரெண்டு வரி சேர்த்துக்கலாமே கண்ணு," என்றேன். "யோசிச்சுட்டு இருக்கேன், இன்னும் முடிவு பண்ணலை, அந்த மாதிரி. கதவைச் சாத்திடாம."

"முடிவு பண்ணிட்டேனேப்பா" என்றாள், நிஜமாகவே புரியாமல். அனுப்பிவிட்டாள்.

மனைவி இரண்டாவது தோசையை எடுத்து வைப்பதற்குள் பதில் வந்தது. அவருடையது மூன்று வரி. அதைச் சத்தமாகப் படிக்கவில்லை, என் பக்கம் திருப்பவும் இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டுத் தோசையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, ஏழு மணிப் பயிற்சிக்கு ஷின் கார்டு ஒன்று காணவில்லை என்று சோபாவுக்கு அடியில் தேட ஆரம்பித்தாள்.